பல் கம்பி வலிக்கு லேசர்: காசு கொடுக்கலாமா, வேண்டாமா?

லிந்தாங் ரோடு அப்பா கேட்டது, 2024 செப்டம்பர் 8, மாலை 6.15

அக்கா, மகளுக்கு (படிவம் இரண்டு) ஈப்போவில் பல்லுக்குக் கம்பி போடப் பேசி முடித்துவிட்டோம். அங்கே கவுண்டரில் இருந்த பெண், "லேசர் பிடிச்சா வலியே இருக்காது அங்கிள், ஒரு தடவைக்கு 80 வெள்ளிதான்" என்றது. கம்பி மாற்றும் ஒவ்வொரு முறையும் பிடிக்கலாமாம். இங்கே சுங்கை சிப்புட் கோப்பிக் கடையில் சொன்னால், "டார்ச் லைட் அடிச்சிக் காசு பிடுங்குறானுங்க" என்று சிரிக்கிறார்கள். நீங்கள் பிசியோ, லேசர் மெஷினோடு புழங்குகிறவர், உங்கள் பல்லிலும் கம்பி இருக்கிறது. உண்மையா, பொய்யா?

செப்டம்பர் 8, இரவு 9.50

இரண்டுமே சரியில்லை தம்பி. வலியே இருக்காது என்பது வியாபாரப் பேச்சு, டார்ச் லைட் என்பது கோப்பிக் கடைப் பேச்சு. லேசர் பிடித்தால் முதல் நாள் வலி கொஞ்சம் குறையலாம். அந்தக் கொஞ்சம் 80 வெள்ளி பெறுமா என்று கேட்டால், பெறாது என்பேன்.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன். செம்பனைக் குலை வெட்டி வெட்டித் தோள் போனவர்களுக்கு லேசர் பிடிப்பது என் பிழைப்பில் ஒரு பகுதி. எனக்கு அந்த மெஷின் மேல் கோபம் எதுவும் இல்லை. சோறு போடுகிற மெஷின்.

செப்டம்பர் 8, இரவு 10.35

படுக்கப் போனவள் திரும்பி வந்து எழுதுகிறேன். வலி எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் லேசரைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

பல் எலும்பில் நேராக ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி பல்லைத் தள்ளும்போது ஒரு பக்கம் அந்தச் சவ்வு நசுங்குகிறது, ரத்த ஓட்டம் குறைகிறது, வீக்கம் தட்டுகிறது, புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருள்கள் ஊறி நரம்பைக் கிளறுகின்றன. அதனால்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் ஆரம்பிக்கும். சுமார் 24 மணி நேரத்தில் உச்சம், மூன்றாம் நாள் இறங்குமுகம், ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் போய்விடும்.

இதில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்று: அந்த வீக்கம் இல்லாமல் பல் நகராது. எலும்பைக் கரைத்துக் கட்டுகிற வேலை அதில்தான் தொடங்குகிறது. வலியை முழுக்கத் துடைத்துவிடுவேன் என்று யார் சொன்னாலும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள்.

செப்டம்பர் 9, மதியம்

"அப்போ லேசர் என்னதான் செய்யுது?" என்று கமுனிங் பக்கத்து அண்ணன் கேட்டிருக்கிறார்.

வெட்டுகிற, சுடுகிற லேசர் வேறு. இது குறைந்த சக்தி லேசர், பெரும்பாலும் 500 மில்லிவாட்டுக்குள். தொட்டால் சூடு தெரியாது. பல் வேலைக்குப் பெரும்பாலும் 780 முதல் 980 நானோமீட்டர் வரை உள்ள அகச்சிவப்பு ஒளி. தோலையும் ஈறையும் தாண்டிச் சற்று ஆழம் போகக்கூடிய அலைநீளம் அது. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவில் சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்று ஒரு நொதி. அது இந்த ஒளியை உறிஞ்சி, செல்லின் சக்தி உற்பத்தியைத் தூண்டுகிறது என்பதுதான் அதிகம் பேசப்படும் விளக்கம். கூடவே புரோஸ்டாகிளாண்டின் அளவு குறைகிறது, வலியைக் கடத்தும் மெல்லிய நரம்புகள் சற்று மந்தமாகின்றன என்றும் ஆய்வுகள் காட்டுகின்றன.

இதைத் தொடங்கி வைத்தவர் ஹங்கேரி நாட்டு டாக்டர் எண்ட்ரே மெஸ்டர். 1960இல் அமெரிக்க விஞ்ஞானி மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1967இல் புடாபெஸ்டில் மெஸ்டர், மயிர் மழித்த எலிகள்மேல் சக்தி குறைந்த ரூபி லேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் வருமா என்று பார்ப்பதுதான் நோக்கம். புற்றுநோய் வரவில்லை, மயிர்தான் சீக்கிரம் முளைத்தது. இந்தக் கதையை வீட்டில் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரர் மெஷினைப் பார்க்கிற பார்வையே வேறு.

செப்டம்பர் 9, இரவு

"பாட்டி கிராம்பு எண்ணெய் தடவச் சொல்றாங்க" என்கிறது ஒரு தங்கச்சி. சொத்தைப் பல்லில் நரம்பு தெரிந்தால் கிராம்பு எண்ணெய் மரத்துப்போகச் செய்யும், அதில் இருக்கிற யூஜினால் அதற்குத்தான். கம்பி வலி வேரைச் சுற்றி, எலும்புக்குள். மேலே தடவி என்ன ஆகும்? ஈறு எரிந்ததுதான் மிச்சம். பாட்டியிடம் என் பெயரைச் சொல்லாதீர்கள், நாளைக்கே இடுப்பு வலிக்கு என்னிடம்தான் வருவார்.

செப்டம்பர் 11

மேலே எழுதியதில் ஒரு பகுதியை ஒரு டெண்டல் மிஸ்ஸி (பல் தாதி) தனிச்செய்தியில் நீட்டித்துச் சொன்னார். நல்ல தகவல், எல்லாருக்கும் போடுகிறேன்.

அகச்சிவப்பு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. மெஷின் முனையில் தெரியும் சிவப்புப் புள்ளி பல மெஷின்களில் வெறும் வழிகாட்டி விளக்குதான். ஆகவே "சிவப்பாய் எரிஞ்சுச்சு, அப்போ வேலை செஞ்சுது" என்று நம்பவும் முடியாது, "வெளிச்சமே வரல, ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்கும் போக முடியாது. கண்ணுக்குத் தெரியாததால் ஆபத்தும் கூட: வெளிச்சம் பட்டால் கண் தானாக மூடிக்கொள்ளுமே, அது இதில் நடக்காது. விழித்திரை சுட்டுப்போகும். அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடியைப் பிள்ளைக்கும் போட வேண்டும், பிடிப்பவரும் போட வேண்டும். கண்ணாடி இல்லாமல் யாராவது லேசர் பிடிக்க வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கறுப்புக் கண்ணாடி, கூலிங் கிளாஸ் எல்லாம் கணக்கில் சேராது.

செப்டம்பர் 14

"ஆராய்ச்சி இருக்கா இல்லையா, சும்மா கதை விடாதீங்க" என்று ஓர் அண்ணன் சூடாகக் கேட்டிருக்கிறார். இருக்கிறது அண்ணே.

2016இல் காக்ரேன் குழு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் உலகளாவிய அமைப்பு), மருந்தில்லாமல் கம்பி வலியைக் குறைக்கும் வழிகளைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. 14 ஆய்வுகள், 931 பேர். லேசர், அதிரும் கருவி, சூயிங்கம், மனத்தைத் திசைதிருப்பும் வழிகள் எல்லாம் அதில் அடக்கம். லேசர் குறுகிய காலத்துக்கு வலியைக் குறைக்கலாம், ஆனால் கிடைத்த சான்றின் தரம் குறைவு என்பதுதான் அவர்கள் வந்த முடிவு.

அளப்பது எப்படி என்றால், 100 மில்லிமீட்டர் நீளக் கோடு ஒன்று கொடுப்பார்கள். ஒரு முனை வலியே இல்லை, மறு முனை தாங்கவே முடியாது. நீங்கள் பேனாவால் ஒரு கோடு கிழிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் லேசர் பிடித்தவர்கள் கிழித்த கோடு, சும்மா பிடித்தவர்களைவிடச் சராசரியாக 20 மில்லிமீட்டர் போல இறங்கி இருந்தது. 20 மில்லிமீட்டர் சின்ன விஷயம் இல்லை, பிள்ளை தோசையைக் கடிக்குமா கஞ்சி குடிக்குமா என்கிற வித்தியாசம். ஆனால் அந்தக் கணக்கில் சேர்ந்த ஆட்கள் கொஞ்சம் பேர்தான், ஒவ்வொரு ஆய்விலும் மெஷின் வேறு, நேரம் வேறு, சக்தி வேறு. அதனால்தான் அவர்கள் மென்று விழுங்கிப் பேசுகிறார்கள்.

"சும்மா பிடித்தவர்கள்" என்றால் மெஷினை அணைத்து வைத்து, அதே முனையை அதே இடத்தில் வைப்பது. வெளிச்சம் தெரியாது, சூடு தெரியாது என்பதால் லேசரில் இந்த விளையாட்டு சுலபம்.

செப்டம்பர் 15, காலை பசியாறிய பிறகு

என் அனுபவத்தைக் கேட்டவர்களுக்கு.

மேல் வரிசையில் கம்பி மாற்றிய ஒரு தடவை, டாக்டரிடம் கெஞ்சி வலது பக்கம் மட்டும் லேசர் பிடிக்கச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார், காசு வாங்கவில்லை. பச்சைக் கண்ணாடி மாட்டி, கன்னத்தை ஒதுக்கி, ஈறின் மேல் வேர் இருக்கிற இடத்தில் பேனா மாதிரி முனையை வைத்தார். பீப் சத்தம். அடுத்த புள்ளி. வெளிப்பக்கம் முடித்து அண்ணப் பக்கமும் வைத்தார். அங்கே வைக்கும்போது மட்டும் எனக்குக் குமட்டியது. மற்றபடி ஒன்றும் இல்லை. சூடும் இல்லை, குறுகுறுப்பும் இல்லை.

ராத்திரி இட்லி. இட்லியே இடது பக்கம் வைத்தால் பல் கூசி விண்ணென்றது. வலது பக்கம் மெல்ல முடிந்தது. மறுநாள் காலையிலும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. வலது பக்கம் வலித்ததா? வலித்தது. குறைவாக வலித்தது.

இதை வைத்து யாரும் கிளம்பிவிடாதீர்கள். எந்தப் பக்கம் லேசர் என்று எனக்கே தெரியும். தெரிந்துவிட்டால் நாக்கும் பல்லும் ஒருதலைப்பட்சமாகத்தான் பேசும். தெரியாமல் செய்திருந்தாலும் ஒரு பக்கத்து வலி மறுபக்கத்துக்குப் பரவுவதால் அரை வாய்ச் சோதனைகளில் குழப்பம் வரத்தான் செய்யும் என்று ஆராய்ச்சிக்காரர்களே சண்டை போடுகிறார்கள்.

செப்டம்பர் 15, மாலை

காலையில் எழுதியதற்குப் பிறகு லிந்தாங் ரோடு தம்பி, "அப்போ 80 வெள்ளி கொடுக்கலாம்னு சொல்றீங்களா?" என்று மடக்குகிறார். இல்லை. டாக்டர் சும்மா பிடித்தார், நான் சும்மா வாங்கிக்கொண்டேன். சும்மா கிடைத்தால் வாங்குங்கள். காசு என்றால் பனடோலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்குத் தனியாக எழுதுகிறேன், இப்போது கடைக்குப் போகணும்.

செப்டம்பர் 17

பனடோல்.

2017இல் அதே காக்ரேன் குழுவினர் மருந்துகளைப் பார்த்தார்கள். மாத்திரை போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிட வலி குறைவு. ஐபுபுரோஃபென் வகைக்கும் பாரசிட்டமோலுக்கும் (நம்ம பனடோல்) தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை.

பல் டாக்டர்கள் பலர் பனடோலையே சொல்வதற்குக் காரணம், ஐபுபுரோஃபென் புரோஸ்டாகிளாண்டினை அடக்குகிறது, புரோஸ்டாகிளாண்டின் இல்லாவிட்டால் பல் நகர்வது மெதுவாகலாம் என்ற பயம். ஓரிரு நாள் போடுவதில் பெரிய பாதிப்பு வரப்போவதில்லை. மாதக்கணக்கில் விழுங்கினால்தான் யோசிக்க வேண்டும். ஆனால் ஆஸ்துமா, கேஸ்திரிக் உள்ள பிள்ளைகளுக்கு ஐபுபுரோஃபென் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். இன்னொன்று, நம் ஊருக்கு முக்கியம்: கம்பி போட்ட வாரத்தில் காய்ச்சலும் வந்தால் அது கம்பியால் வந்த காய்ச்சல் இல்லை. டெங்கியாக இருக்கலாம். டெங்கியில் ஐபுபுரோஃபென் ரத்தக்கசிவைக் கூட்டும். தொடவே கூடாது.

பெரியவர்களுக்குப் பனடோல் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று அல்லது இரண்டு, நாலு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. பிள்ளைகளுக்கு எடை பார்த்து. பார்மசியில் கேளுங்கள், பக்கத்து வீட்டில் கேட்காதீர்கள்.

வலி உச்சத்துக்கு ஏறும் முன்னே போடுவது நல்லது. கம்பி போட்டு வீட்டுக்கு வந்து, மரத்த மாதிரி ஒன்றும் தெரியாமல் இருக்கும்போதே, சாப்பிட்டுவிட்டு ஒரு வேளை.

செப்டம்பர் 18

"லேசர் பிடிச்சா பல் சீக்கிரம் நேராகுமாமே, ரெண்டு வருஷம் ஒரு வருஷமாகிடுமாம்" என்று ஒரு தம்பி. அந்தக் கவுண்டர்ப் பெண்ணுக்குச் சம்பளம் கூட்டிக் கொடுக்க வேண்டும்.

பல் வேகமாக நகர்கிறதா என்று ஆய்வு செய்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. சிலவற்றில் கொஞ்சம் வேகம், சிலவற்றில் ஒன்றும் இல்லை. பாதி நாளில் முடியும் என்று சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. என் தொழிலிலும் ஒரு விதி உண்டு: இந்த ஒளி அளவு குறைந்தாலும் பயனில்லை, கூடினாலும் பயன் போய்விடும். நடுவில் ஓர் அளவு இருக்கிறது. கூட அடித்தால் கூடப் பலன் என்று நினைத்து நோயாளிகள், "இன்னும் ரெண்டு நிமிஷம் புடிங்க மிஸ்ஸி" என்பார்கள். பிடிப்பதில்லை.

செப்டம்பர் 22

ஆன்லைனில் சிவப்பு விளக்கு விற்கிறார்களே, வாயில் கடித்துக்கொண்டு உட்காரும் மாதிரி, அதை வாங்கலாமா?

வாங்காதீர்கள். மெஷினில் கேட்க வேண்டியது மூன்று: எத்தனை நானோமீட்டர், எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை வினாடி. 100 மில்லிவாட்டில் 20 வினாடி வைத்தால் 2 ஜூல். இந்தக் கணக்குதான் மருந்தின் அளவு. நீங்கள் காட்டிய பெட்டியில் இந்த மூன்றில் ஒன்றும் எழுதவில்லை, பதிலுக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறார். கிளினிக்கிலும் இந்த மூன்றைக் கேளுங்கள் தம்பி. பதில் சொல்லத் தெரிந்தவர்கள் பிடித்தால் ஒரு மரியாதை. "அது டாக்டருக்குத் தெரியும்" என்று சொன்னால், டாக்டரையே கேளுங்கள்.

இந்த ஒளி வைத்தியமே பித்தலாட்டம் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. கழுத்து வலிக்கு இது உதவுகிறது என்று 2009இல் லான்செட் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய் வெந்து போகிறதே, அதைத் தடுக்க உலகளவிலான வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. அந்த நோயாளிக்கு அது வரம். ஒரு வாரத்தில் தானாகப் போகும் வலிக்கு அதே விலை கேட்பதுதான் எனக்கு இடிக்கிறது.

செப்டம்பர் 23

நேற்று எழுதும்போது விட்டுப்போன ஒன்று. காசே செலவில்லாத வைத்தியம்: குளிர்ந்த தண்ணீர்.

ஆரம்பத்தில் போடும் மெல்லிய கம்பி பெரும்பாலும் நிக்கல்-டைட்டானியம். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1970களில் பல் வைத்தியத்துக்கு வந்த உலோகம். அதில் ஒரு வகை உடம்புச் சூட்டில் விறைத்துக்கொள்ளும், குளிர்ந்தால் தளரும். அப்படிப்பட்ட கம்பி உங்கள் வாயில் இருந்தால், குளிர்ந்த தண்ணீரை ஒரு வாய் வைத்துக்கொண்டிருக்கும்போது அது பல்லை இழுப்பது குறையும். சுடச்சுடத் தே தாரிக் குடித்தால் உல்டா, இழுப்பு கூடும். போட்ட அன்று மாமாக் கடைக்குப் போய் "தாரிக் சூடா ஒண்ணு" என்று உட்காருகிறவர்கள் கவனிக்கவும். ஐஸ் கச்சாங் சாப்பிடலாம், ஐஸைக் கடிக்காமல். ஐஸை நறுக்கென்று கடித்து பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டு) பிய்த்துக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

செப்டம்பர் 29

பிராக்கெட் என்றதும் பேச்சு எங்கெங்கோ போய்விட்டது. யாரோ பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கலர் கலராய்க் கம்பி ஒட்டுகிறார்கள், மலிவு, வலிக்கவும் வலிக்காது என்று போட்டிருக்கிறார். வலிக்காது, ஏனென்றால் அது பல்லைச் சரிசெய்யாது. சில சமயம் சரியாக இருந்த பல்லைக் கோணலாக்கும். பசை எது என்று கடவுளுக்குத்தான் தெரியும். 2017இல் மலாக்காவில் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டு கம்பி ஒட்டிய ஓர் இளம்பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 ரிங்கிட் அபராதம் போட்டது. நாடே பேசியது. பதிவு பெறாதவர் பல்லில் கை வைப்பது குற்றம். 2018ஆம் ஆண்டுப் பல் மருத்துவச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

அரசாங்கத்தில் போடலாமே என்கிறவர்களுக்கு: போடலாம், விலை குறைவு, ஆனால் பல் எவ்வளவு மோசம் என்று 1 முதல் 5 வரை தரம் பிரித்து, 4, 5 இல் இருப்பவர்களை முதலில் எடுப்பார்கள். வரிசை நீளம். முன்பல் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்று போனால் ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்குப் பல் மிஸ்ஸி வந்த நாளில் கழிவறைக்குள் ஒளிந்துகொண்ட கதையை எல்லாரும் எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். நிறுத்துங்கள், சிரித்து என் உதடு பிராக்கெட்டில் மாட்டிக்கொள்கிறது. அந்த மிஸ்ஸிகளை லேசாக எண்ண வேண்டாம். 1949இல் பினாங்கில் நியூசிலாந்து மாதிரியைப் பார்த்து அவர்களுக்குப் பயிற்சி தொடங்கினார்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வாயைத் திறந்து பார்த்த முதல் ஆள் அவர்கள்தான்.

அக்டோபர் 5

லிந்தாங் ரோடு தம்பியின் வீட்டுக்காரி எழுதியிருக்கிறார். மகள் கம்பியே வேண்டாம் என்று அழுகிறதாம். தோழிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை என்று கேட்டுப் பயந்துவிட்டது. "அக்கா, லேசர் பிடிப்போம்னு சொன்னா வர சம்மதிக்கிறா. என்ன செய்றது?"

இது நான் யோசிக்காத கோணம் தங்கச்சி. இதுவரை எழுதியதெல்லாம் வலி எவ்வளவு குறையும் என்கிற கணக்கு. பயத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. பயந்த பிள்ளைக்கு வலி கூடத்தான் தெரியும். வலிக்குப் பயந்து பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அவ்வளவு காசு கொட்டிய கம்பி பாதியில் நிற்பதைவிட 80 வெள்ளி பெரிதில்லை.

ஆகவே இப்போது சொல்வது: முதல் தடவை மட்டும் பிடியுங்கள். அன்றைக்குத்தான் வாய் முழுவதும் புதிது, பயமும் அதிகம். ஆனால் பிள்ளையிடம் வலியே வராது என்று சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், இது குறைக்கும், மாத்திரையும் இருக்கு, ஒரு வாரத்தில் போயிடும்" என்று சொல்லுங்கள். வராது என்று சொல்லி வந்துவிட்டால் அடுத்த தடவை உங்களையும் நம்பாது, லேசரையும் நம்பாது.

அப்புறம், தேதியை வெள்ளிக்கிழமை பிற்பகலாகக் கேட்டு வாங்குங்கள். உச்ச வலி சனிக்கிழமை வீட்டில் கழியும். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது இறங்கியிருக்கும். இதற்குக் காசும் கிடையாது.

அக்டோபர் 6

"முதல் தடவை சரி. மறுநாளும் வந்து இன்னொரு தடவை பிடிச்சா நல்லதுன்னு கிளினிக்ல சொல்றாங்க" என்கிறார் தம்பி.

சில ஆய்வுகளில் மறுநாளும் பிடித்திருக்கிறார்கள், உண்மைதான். ஈப்போவிலேயே வீடு இருக்கிறவர்கள் போகட்டும். நீங்கள் இங்கிருந்து முப்பது கிலோமீட்டர் போல காடியில் போக வேண்டும், பெட்ரோல் செலவு வேறு, நீங்கள் ஒரு நாள் லீவு போட வேண்டும், வலியோடு இருக்கிற பிள்ளையைப் பழைய ரோட்டில் குலுக்கிக்கொண்டு போக வேண்டும். எதற்கு? கம்பி மாட்டிய உடனே, நாற்காலியை விட்டு இறங்கும் முன் பிடிப்பதோடு முடியட்டும்.

அக்டோபர் 20

போட்டாயிற்றாம். வெள்ளிக்கிழமை போட்டு, லேசர் பிடித்து, கண்ணாடியை மகளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டதாம். சபாஷ். சனிக்கிழமை கஞ்சியும் மைலோவும், ஞாயிறு மாலை ரொட்டி சானாயைக் குழம்பில் ஊறவைத்துச் சாப்பிட்டதாம். "லேசரா, பனடோலா, எது வேலை செஞ்சுது அக்கா?" என்று கேட்கிறீர்கள். ஒரு பிள்ளையை வைத்து அதைச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து பிள்ளை தூங்கியது, போதும்.

வலியைவிடக் கன்னத்தில் உரசிய புண்தான் தொல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. கிளினிக்கில் கொடுத்த மெழுகை பட்டாணி அளவு கிள்ளி, விரலில் உருட்டி, பிராக்கெட்டைத் துடைத்துக் காயவைத்துவிட்டு மேலே அழுத்துங்கள். ஈரத்தில் வைத்தால் ஒட்டாது. எல்லாரும் தவறுவது இங்கேதான். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். பின்பக்கம் கம்பி நுனி குத்தினால் மெழுகோடு நிற்காமல் கிளினிக்குக்குப் போன் போடுங்கள், வெட்டிவிடுவார்கள்.

அக்டோபர் 27

தீபாவளி வியாழக்கிழமை. முறுக்கு சாப்பிடலாமா என்று இதுவரை வந்த தனிச்செய்திகளுக்கு ஒரே பதில்: கூடாது. அதிரசம் சரி, நெய் உருண்டை சரி, ஓமப்பொடி வாயில் ஊறவைத்துச் சரி. முறுக்கைப் பொடித்துப் பாலில் போட்டுச் சாப்பிட்டேன் என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார், அவர் கம்பி போட்டவர் இல்லை, பல்லே இல்லாதவர். ஆட்டுக்கறி எலும்பை உறிஞ்சலாம், கடிக்கக் கூடாது.

நவம்பர் 17

"அடுத்த கம்பி மாத்தும்போது லேசர் வேணுமான்னு மகளையே கேட்டேன், வேணாம்பா, பனடோல் போதும்னுட்டா." நல்லது தம்பி. அந்த 80 வெள்ளியில் ஒரு நல்ல பல் தூரிகையும், கம்பிக்கு இடையில் விட்டுத் தேய்க்கும் சின்னத் தூரிகையும் வாங்கிக் கொடுங்கள். கம்பியைக் கழற்றும் நாளில் பல்லில் வெள்ளைத் திட்டு இருந்தால் அதற்கு லேசர் கிடையாது.

நவம்பர் 24

புதிதாக ஒரு கேள்வி, கம்பியோடு சம்பந்தமில்லை, ஆனால் விட முடியாது. ஒரு தங்கச்சி கேட்கிறார்: "அம்மாவுக்குக் கன்னத்துக்குள்ளே புண், ஒரு மாசமா ஆறல, வெத்தலை போடுவாங்க. வலிக்கு லேசர் பிடிக்கலாமா?"

பிடிக்கக் கூடாது. என்ன புண் என்று தெரியாமல் அதன்மேல் இந்த ஒளியைப் பாய்ச்சவே கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப் புண் எதுவானாலும் டாக்டர் பார்க்க வேண்டும். வெற்றிலை பாக்கு போடுகிறவர் என்றால் கட்டாயம். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இலேயே சொல்லிவிட்டது. பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து நம் தோட்டத்து அம்மாக்கள் வாயில் அது இருக்கிறது. வலி இல்லை என்றாலும் காட்டுங்கள், ஆரம்பத்தில் வலிக்காமலே வரும். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் முழுதாய்த் திறக்க முடியாமல் இறுகுவது, இதில் எது இருந்தாலும் சொல்லுங்கள்.

ஈப்போவுக்கெல்லாம் போக வேண்டாம். நம் ஊர் அரசாங்கப் பல் கிளினிக்குக்கு நாளைக் காலையில் கூட்டிக்கொண்டு போங்கள். வர மாட்டேன் என்றால், கட்டுப்பல் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.